கெடாரில் கேட்ட விசில்

விழுப்புரம் என்றதும் பலருக்கு ஊர் ஞாபகத்துக்கு வருவதில்லை, பிளாட்பாரம்தான் வருகிறது. நடுநிசியில் ரயில் நிற்கும். காபிக்காரர் குரல் கேட்கும். பாதித் தூக்கத்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "விழுப்புரமா? சரி, விடிய இன்னும் நேரம் இருக்கிறது" என்று போர்வையை இழுத்துக் கொள்வோம். தமிழ்நாட்டில் பாதிப் பேர் விழுப்புரத்தைக் கடந்தவர்கள், இறங்கியவர்கள் கொஞ்சம். இறங்கியவர்களிலும், அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் பஸ் ஏறி, காணையைத் தாண்டிக் கெடாரில் இறங்கியவர்கள் மிகமிகக் கொஞ்சம்.

"கெடாருக்கா? அங்கே யார் வீட்டுக்கு?" என்று பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற பெரியவர் விசாரித்தார்.

"யார் வீட்டுக்கும் இல்லை. ஒரு மைதானம் பார்க்கப் போகிறேன்."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், பிளாட்டுப் போடப் போறீங்களா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காலி நிலத்தைப் பார்க்க வெளியூர்க்காரன் ஒருவன் பஸ் ஏறி வருகிறான் என்றால், இந்தக் காலத்தில் வேறு என்னதான் நினைப்பது? என் காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் இன்னும் பயந்து போயிருப்பார். பெயர் பெற்ற ஸ்தலங்களைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. பெயர் பெறாத ஓர் ஊரில், சாதாரணமான ஒரு விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் நின்று, அங்கே ஊதப்படும் விசில் எங்கே பிறந்து, எந்தெந்தக் கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்தது என்று தேடிப் பார்க்க எனக்கு ஓர் ஆசை. விசிலுக்கும் ஸ்தல புராணம் உண்டு, நேயர்களே!

ஏரியும் பாறையும்

விடிவதற்கு முன்னே புறப்பட்ட பஸ் அது. ஊர் எல்லையைத் தாண்டியதும் ஈரக் காற்று முகத்தில் அடித்தது. இருபுறமும் நெல்லும் கரும்பும். கொஞ்சம் மேடேறினால் மணிலாக்கொட்டைக் கொல்லை. இந்தப் பக்கத்து மக்கள் அதை 'மல்லாட்டை' என்பார்கள்; 'வேர்க்கடலை' என்று கேட்டால் பட்டணத்து ஆசாமி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஏரிக்கரை, பனைமரம், திடீரென்று தலை தூக்கும் பாறைக் குன்று, மறுபடியும் ஏரிக்கரை. பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் முகம் இது. 1993-ல் ஜில்லாவைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கினார்கள், முகம் மாறவில்லை.

பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும் இந்த வட்டாரத்தைச் சாமானியமாக நினைத்துவிடக் கூடாது. செஞ்சி சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் செய்திருக்கிறேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் பெருமையோடு கல்லில் வெட்டி வைத்த ஊர். பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயிலில் ஒரு தேவியின் ஓவியம் இருக்கிறது. பக்கத்தில் பரமசிவன் ஆடுகிறார். அம்மை ஒரு காலை மடித்துப் பின்னால் ஊன்றிக்கொண்டு, தலை சாய்த்து அதைப் பார்க்கிறாள். மைதானத்தின் கோட்டோரம் நின்று ஆட்டம் பார்க்கும் பெண்ணைப் போலவே இருக்கும், அந்த நிற்கும் அழகு!

எண்ணாயிரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு கல்லூரி நடந்தது. இளைய மாணவர்கள் 270 பேர், மேல் வகுப்பு மாணவர்கள் 70 பேர், ஆசிரியர்கள் 14 பேர். யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரைக்கும் கல்வெட்டில் கணக்கு இருக்கிறது. வேதம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் எல்லாம் பாடங்கள். விளையாட்டுக்கு வாத்தியார் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு இந்தப் பக்கம் இன்னும் 900 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பட்டாளத்துத் தாத்தா

கெடாரில் இறங்கியபோது கிழக்கு வெளுத்துக் கொண்டிருந்தது. டீக்கடை பாய்லரில் நீராவி. சாலை ஓரமாக இருட்டிலிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் போன பிறகு இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு டி.வி.எஸ். வண்டியில், கழுத்தில் மஃப்ளரும் வாயில் விசிலுமாக ஒரு முதியவர்.

"போலீஸ் செலக்ஷனுக்கும் மிலிட்டரிக்கும் ஓடறாங்க சார்" என்றார் டீக்கடைக்காரர். "தாத்தா ஓட்டறாரு. ஒத்தப் பைசா வாங்கமாட்டாரு."

அரை மணி கழித்துத் தாத்தா டீ குடிக்க வந்தார். எழுபதைத் தாண்டியவர். முதுகு மட்டும் இருபது வயசு முதுகு. மதராஸ் ரெஜிமெண்டில் பதினேழு வருஷம் இருந்தவராம். 1971-ல் கிழக்கு வங்கத்துச் சண்டைக்குப் போனவர்.

"சண்டையைப் பத்திச் சொல்லுங்களேன்" என்றேன்.

"இன்னா சார் சொல்றது? சேறு. நடந்தோம், நடந்தோம், நடந்துக்கினே இருந்தோம். பதினாறாந்தேதி முடிஞ்சிபோச்சுன்னாங்க. உக்காந்தோம்." அவ்வளவுதான் அவருடைய யுத்த சரித்திரம்.

"இந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் கோச்சா?"

"கோச்சுமில்ல, கீச்சுமில்ல சார். எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. விடியக்காத்தால எழுந்திரிக்கறது, வரிசையில நிக்கறது. அந்த ரெண்டையும் சொல்லிக் குடுக்கறேன். மத்தது அவுங்க காலு பார்த்துக்கும்."

இந்த மனிதரைப் பார்த்ததும் என் தேடலின் ஒரு நுனி கையில் அகப்பட்டுவிட்டது.

டென்ஷனும் ஸ்டாண்டட்டீஸும்

நம் பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டு முதன்முதலில் வந்தது விளையாட்டாக அல்ல. 'டிரில்' என்ற பெயரில். வெள்ளைக்காரன் காலத்தில் அதைச் சொல்லிக் கொடுக்கப் பெரும்பாலும் யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி ஊர் திரும்பிய சிப்பாய்களை. அவர்களுக்குத் தெரிந்தது அணிவகுப்பு. அதையே பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். 'அட்டென்ஷன்' என்பது 'டென்ஷன்' ஆயிற்று. 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' என்பது ஒரே மூச்சில் 'ஸ்டாண்டட்டீஸ்' ஆயிற்று. அதன் அர்த்தம் தெரியாமலேயே மூன்று தலைமுறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

முதல் உலக யுத்தம் 1918-ல் முடிந்தது. மெசபொடேமியாவுக்கும் மற்ற முனைகளுக்கும் போன தமிழர்கள் திரும்பினார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று சொல்லும் சின்னக் கல் பலகைகளைத் தமிழ்நாட்டின் சில ஊர்களில் இன்றும் பார்க்கலாம். பிறகு 1920-களில் மதராஸ் பட்டாளங்களையே ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் அவசர அவசரமாக மறுபடியும் திரட்டினார்கள்! நடுவே, சோற்றுக்கு வழி தேடிய பல சிப்பாய்களுக்குப் பள்ளிக்கூட டிரில் ஒரு புகலிடமாக இருந்தது.

அவர்களைக் கேலி செய்வது சுலபம். கண்டிப்பு, பிரம்பு, வெயிலில் நிற்க வைப்பது எல்லாம் உண்டுதான். ஆனால் ஏழைப் பையனையும் மிராசுதார் மகனையும் ஒரே வரிசையில், உயரத்தை மட்டும் பார்த்து நிற்க வைத்தவர் அந்த டிரில் மாஸ்டர். அந்தக் காலத்து ஊரில் அப்படி ஒரு வரிசை வேறு எங்கே இருந்தது?

கடல் கடந்து வந்த பக்

இந்தச் சமயத்தில், 1919-ல், சென்னைத் துறைமுகத்துக்கு ஓர் அமெரிக்கர் வந்து சேர்ந்தார். பெயர் ஹாரி க்ரோ பக். 1884-ல் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் படித்தவர்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. 1890-ல் அங்கே கால்பந்து டீமை உருவாக்கியவர் அமோஸ் அலன்ஸோ ஸ்டாக் என்ற இளைஞர். அமெரிக்கக் கால்பந்து என்றால் காலைவிடக் கைக்கும் தோளுக்கும்தான் அதிக வேலை. பெயரில் மட்டும்தான் கால்! பாதிரியாகப் படித்த ஸ்டாக், பிரசங்க மேடை தமக்கு ஒத்துவராது என்று கண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். அப்புறம் சிகாகோ சர்வகலாசாலையில் 1892 முதல் 1932 வரை, நாற்பது வருஷம் கோச்சாக இருந்தார். 102 வயது வாழ்ந்து 1965-ல் மறைந்தார். அவர் பெயர் கொண்ட சிகாகோ மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2-ந் தேதி, என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் அணு உலையை ஓட்டிக் காட்டினார். பந்து உருண்ட மைதானத்துக்குக் கீழே பூகோளத்தையே உருட்டும் காரியம் நடந்தது!

ஸ்டாக்கின் டீமில் நடு ஆட்டக்காரராக ஆடினவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். காது கிழியாமல் இருக்கக் கவசம் ஒன்று செய்து மாட்டிக்கொண்டு ஆடிய ஆசாமி. 1891 டிசம்பரில் பனி கொட்டியது. வெளியே போக முடியாமல் முரண்டு பிடித்த மாணவர்களுக்கு உள்ளே ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டார். நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது. நாலு வருஷம் கழித்து, அதே பள்ளியில் படித்த வில்லியம் மார்கன், பக்கத்து ஊரான ஹோல்யோக்கில் வலையைக் கட்டிப் பந்தைத் தட்டச் சொன்னார். வாலிபால் பிறந்தது.

நெய்ஸ்மித் பிறகு கான்ஸாஸ் சர்வகலாசாலைக்குப் போய், 1898-லிருந்து 1907 வரை கூடைப்பந்துக்குக் கோச்சாக இருந்தார். வென்றது 55, தோற்றது 60. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே இந்தக் கதி! 1916-ல் மெக்ஸிகோ எல்லைக்குப் படையோடு மதகுருவாகப் போனார். உலக யுத்தத்தின்போது ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகப் பிரான்ஸுக்குப் போய், சிப்பாய்களுக்கு நடுவே 1919 வரை இருந்தார். அதே 1919-ல்தான் பக் சென்னைக்கு வந்தார். ஒரே பள்ளியின் பிள்ளைகள் இருவர். ஒருவர் போர்முனையிலிருந்து திரும்புகிறார், மற்றவர் போரிலிருந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் டிரில் நடத்தும் நாட்டுக்கு வருகிறார்.

விரல்விட்டு எண்ணக்கூடிய வகுப்பு

பக் சென்னைப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்தார். 'டென்ஷன், ஸ்டாண்டட்டீஸ்' கேட்டார். குழந்தைகள் பட்டாளம் அல்ல என்பது அவர் கட்சி. விளையாட வேண்டிய வயசில் விளையாட்டு வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்கிறவருக்கு உடற்கூறும் தெரிய வேண்டும், குழந்தையின் மனசும் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட வாத்தியார்களைத் தயார் செய்யாமல் பிரயோஜனமில்லை என்று நினைத்தார்.

1920-ல் எஸ்பிளனேட் ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தில் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் கைவிரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்தக் காலத்தில் பையனை 'விளையாடப் படிக்க' அனுப்பும் தகப்பனார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இன்றைக்கே யோசிப்பார்கள்! ஆனாலும் பள்ளி வளர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில், அடையாற்றின் ஓரம் பரந்த நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். ஆசியாவிலேயே இந்த வகையில் முதலாவது என்று பெயர் பெற்றது. மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் உடற்பயிற்சிகளுக்கும் பக் அங்கே இடம் கொடுத்தார். மனைவி மரீ பக் கூடவே நின்று உழைத்தார். 1940-ல் அந்தக் கல்லூரி பெண்களையும் மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது. இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கெடாருக்குத் திரும்பும்போது வேண்டியிருக்கும்.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்தியா ஒரு சிறு கோஷ்டியை அனுப்பியது. அதன் மானேஜர் பக்தான். மெடல் ஒன்றும் வரவில்லை. பக் அதற்காகச் சோர்ந்து உட்காரவில்லை. தம் சகா நோரனோடு மாகாணம் மாகாணமாகப் போய் விளையாட்டுச் சங்கங்கள் ஏற்படப் பாடுபட்டார். 1927-ல் ஸர் தோராப்ஜி டாட்டா தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தபோது அதற்குத் தொட்டில் கட்டியவர்களில் இவர்கள் இருவரும் உண்டு.

1943 ஜூலையில் பக் சென்னையிலேயே காலமானார். ஊரைவிட்டு வந்து இருபத்துநாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் மாணவர்களில் ஒருவரான பி.எம்.ஜோசப், 1957-ல் குவாலியரில் சர்க்கார் தொடங்கிய லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரிக்கு முதல் பிரின்சிபால் ஆனார். மற்ற மாணவர்கள்? அவர்கள் பெயர்களைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. கும்பகோணத்திலும் கோயில்பட்டியிலும், திண்டிவனத்திலும் திருக்கோயிலூரிலும், வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கழுத்தில் கயிறு கட்டிய விசில் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சேர்ந்தார்களே, அந்த 'பி.டி. மாஸ்டர்'கள் அவர்கள்தாம், அவர்களைப் பார்த்துக் கற்றவர்கள்தாம்.

சிப்பாயும் வாத்தியாரும்

அப்படியானால் பட்டாளத்துக்காரரின் கதை முடிந்துவிட்டதா? இல்லை. இரண்டு ஓடையும் ஓர் இடத்தில் கலந்ததை நம் நாடு கண்ணாரக் கண்டது.

1953-ல் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சிப்பாயாகச் சேர்ந்தார் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர். கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரராக இருந்தவர், கோல் காப்பவராக மாறினார். ஆறடிக்கு மேல் உயரம். கையை நீட்டினால் கம்பத்துக்குக் கம்பம் பாலம் போட்ட மாதிரி! 1955-லும் 1958-லும் மதராஸ் ரெஜிமெண்ட் டீம் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956-ல் மெல்போர்ன், 1960-ல் ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்குகளுக்கும் போனார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். ஆட்டத்தை நிறுத்திய பின் கோச்சாகி, 2008-ல் மறையும் மட்டும் பந்தை விட்டு விலகவில்லை.

அவருக்கும் அவர் சகாக்களுக்கும் கோச் யார்? ஸையத் அப்துல் ரஹீம். அவர் சிப்பாய் அல்ல. ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், உடற்கல்வியும் படித்தவர். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். ஜர்னைல் ஸிங்குக்கு முந்தைய ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. காவல் காக்க வேண்டிய அவரை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். அவரும் ஒரு கோல் போட்டார்! கோல் கம்பங்களுக்கு நடுவே தங்கராஜ். இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தங்கம் வென்றது. ரஹீம் அப்போதே புற்றுநோயால் அவதிப்பட்டுக் கொண்டிருந்தார். 1963 ஜூனில் கண்ணை மூடினார்.

வாத்தியார் விசில் ஊத, சிப்பாய் கோல் காக்க வந்த தங்கம் அது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

வலது பக்கம் பாயும் பெண்

இதையெல்லாம் கெடாரில் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன். மைதானம் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். செம்மண் தரை. ஒரு பக்கம் வேப்ப மரம். இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கிழிந்து முடிச்சுப் போட்ட வாலிபால் வலை. அந்த வலையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். ஹோல்யோக்கிலிருந்து சென்னை வந்து, சென்னையிலிருந்து விழுப்புரம் ஜங்ஷன் தாண்டி, இந்த மூங்கிலுக்கு வர எத்தனை கைகள் அதைத் தூக்கி வந்திருக்க வேண்டும்!

மைதானத்தின் மறு கோடியில் கால்பந்து. காலையில் ஓடிய இரண்டு பெண்களில் ஒருத்தி, இரண்டு செங்கல்லுக்கு நடுவே கோல் காத்துக்கொண்டிருந்தாள். பையன்கள் அடித்தார்கள். பெண் என்று யாரும் மெதுவாக அடிக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. வலது பக்கம் வந்த பந்தையெல்லாம் பாய்ந்து பிடித்தாள்.

"ஒம்பதாவது படிக்குது" என்றார் தாத்தா. "ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கறாங்க. இந்தப் புள்ள போனா கிடைக்கும் சார். ஊட்ல கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க."

"பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் விளையாடுகிறாளா?"

தாத்தா சிரித்தார். "எந்தப் பள்ளிக்கூடம்னு பேர் சொல்லாம பொதுவாச் சொல்றேன் சார். பரீட்சை வந்தா மொதல்ல பறிபோறது பி.டி. பீரியடுதான். கணக்கு வாத்தியாரு கடனா வாங்குவாரு. திருப்பித் தந்ததா சரித்திரம் இல்ல. வாங்கின கடனைத் திருப்பாதவரு எப்படிக் கணக்கு சொல்லிக் குடுக்கறாரோ!"

வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் ஒரு வேதனை இருந்தது. பட்டணத்துப் பிள்ளைக்கு பீரியட் போனால் சாயங்காலம் கிளப் இருக்கிறது, காசு கொடுத்துச் சேரும் பயிற்சி இருக்கிறது. கெடார் மாதிரி ஊரில் பீரியட் போனால் எல்லாமே போயிற்று. மிஞ்சுவது விடியற்காலை இருட்டும், இப்படி ஒரு தாத்தாவும். தாத்தாவுக்கு முட்டி வலி வேறு.

வெயில் ஏறியதும் என்னையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் புறப்பட்டார். "நீங்க பட்டணத்து ஆளு. கூட நின்னா போதும். பேச வேணாம்" என்று உத்தரவு.

வீட்டு வாசலில் தாயார் மல்லாட்டை உடைத்துக் கொண்டிருந்தாள். தகப்பனார் கரும்பு வெட்டப் போயிருந்தார். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசினார், மல்லாட்டை விலையைப் பற்றிப் பேசினார், கடைசியில், ஒன்றுமே இல்லாததைப் போல, "அந்தக் காகிதம் இன்னா ஆச்சும்மா?" என்றார்.

"இன்னா தாத்தா, நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடி? வயசுப் பொண்ணு. கால்சட்டை போட்டுக்கினு ஊருக்கு முன்னால குதிக்குது. சொந்தக்காரங்க கேக்கறாங்க. நாளைக்கு ஒருத்தன் கட்டிக்கினு போவானா?"

"நான் பட்டாளத்துக்குப் போகக்குள்ள எங்கம்மாவும் இதேதான் கேட்டாங்க. செத்துட்டா எவ கட்டிக்குவான்னாங்க. போய்ட்டு வந்தேன். கட்டிக்கலையா?"

தாயார் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் உத்தரவை மீறி வாயைத் திறந்தேன். சென்னையில் 1940-லேயே பெண்களை விளையாட்டுப் படிப்பில் சேர்த்துக்கொண்ட ஒரு கல்லூரி இருக்கிறது, அங்கே படித்த பெண்கள் பள்ளிக்கூடங்களில் உத்தியோகம் பார்த்துக் கௌரவமாகக் குடும்பம் நடத்தினார்கள் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாப்பதுலயா? எங்க பாட்டி காலமாச்சே!"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் மல்லாட்டை உடையும் சத்தம் மட்டும் கேட்டது. பெண் கதவோரம், ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றாள். சட்டையெல்லாம் செம்மண்.

"ஆஸ்டல்ல சோறு நல்லாப் போடுவாங்களா?" என்றாள் தாயார்.

தாத்தா அவசரப்படவில்லை. சண்டையைப் பற்றி நாலு வரிக்கு மேல் பேசாத மனிதர், முட்டையைப் பற்றியும் பாலைப் பற்றியும் கால் மணி நேரம் பேசினார். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு கிடையாது என்றார். லீவுக்கு லீவு பெண் வீட்டுக்கு வரும் என்றார். செலக்ஷனுக்குத் தாமே பஸ்ஸில் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். தாயார் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மடித்த காகிதம் ஒன்று கையில் இருந்தது. உலைமூடியின் கீழே வைத்திருந்தாளோ என்னவோ, ஓரம் ஈரமாக இருந்தது.

"அவுரு வந்தா நான் சொல்லிக்கறேன். எங்க போடணும்?" என்றாள்.

தாத்தா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பெயரை எழுதி முடிக்கும் வரை யாரும் மூச்சு விடவில்லை. பிறகு தாத்தா கதவோரம் திரும்பினார்.

"இன்னா நிக்கற? எடது பக்கம் வர்ற பந்து ஒண்ணுகூட உனுக்குத் தெரியல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மைதானத்துல இரு!"